ஒரு தள்ளுவண்டி மணல்

சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: பெனிரோச் ஊர்ச் சோற்றுக் காவல் சகோதர சபையானது, தன் முப்பத்தோராண்டு வரலாற்றில் முதன்முறையாக, ஓர் அந்நியரின் கையால் ஆக்கப்பட்ட பயேயாவை அதிகாரபூர்வமாகவும் முழு உடையிலும் நாக்கில் வைக்கச் சம்மதித்திருக்கிறது. நாள், செப்டம்பர் முதல் ஞாயிறு. இடம், தேவாலயச் சதுக்கம். முற்பகல் பதினோரு மணி முதல் பொதுமக்கள் மௌனம் காக்க வேண்டும். நாய்களைக் கட்டி வைக்க வேண்டும்.

இந்த அறிவிப்பு தேவாலயக் கதவிலும், தோனிக்காவின் ரொட்டிக் கடையிலும், சதுக்கத்து மதுக்கடையின் கழிப்பறைக் கதவிலும் ஒட்டப்பட்டது. மதுக்கடையில் ஒட்டியதன் கீழே யாரோ பென்சிலால், "சபை உறுப்பினர்களையும் கட்டி வைப்பீர்களா?" என்று எழுதியிருந்தார்கள். எழுத்தைப் பார்த்தால் தோனிக்காவுடையது போலத்தான் இருந்தது. நான் வெளியே சொல்லவில்லை. சபைக்குச் செயலாளர் என்ற முறையில் என் வேலை தட்டச்சு செய்வது மட்டும்தான்.

வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். சொன்னவர் எங்கள் தலைவர் எலிசேயு. ஊரில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர். முப்பது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவன் ஓட்டும்போது பிரேக் போட்டே பழகிப்போனவர். அந்தப் பழக்கம் காரை விட்டு இறங்கினாலும் போகாது.

சபையில் நாங்கள் ஏழு பேர். பச்சை அங்கி, கழுத்தில் சட்டி வடிவத்தில் தகரப் பதக்கம். எங்களிடம் ஒரு விதிப்புத்தகம் உண்டு. அகலச் சட்டியில், விறகுத் தீயில் ஆக்கும் எங்கள் ஊர்ச் சோறான பயேயாவில் போடத் தக்க பொருட்கள் பத்து என்று அதில் இருக்கிறது: அரிசி, கோழி, முயல், பச்சை பீன்ஸ், வெள்ளை மொச்சை, தக்காளி, ஆலிவ் எண்ணெய், குங்குமப்பூ, உப்பு, தண்ணீர். பதினொன்றாவதாக ஏதாவது விழுந்தால் அது பயேயா அல்ல, வெறும் சோறும் சாமானும். இந்த விதிகளை ஒரே ராத்திரியில், கசாப்புக்கடை பத்தீஸ்தேயின் கார் கொட்டகையில் உட்கார்ந்து எழுதினோம். எழுதிவிட்டு ஏழு பேரும் சத்தியம் செய்தோம். பத்தீஸ்தே தன் வீட்டுப் பயேயாவில் பன்றி விலா போடுவான். என் வீட்டில் சிவப்புக் குடைமிளகாய். எலிசேயு கோழிச்சாறுக் கட்டி போடுவார். அவர் மனைவி அதைப் பெட்டி பெட்டியாக வாங்குவது கடைத்தெரு முழுக்கத் தெரியும். குங்குமப்பூ என்று புத்தகத்தில் இருப்பது எல்லா வீட்டிலும் பொட்டலத்து மஞ்சள் சாயப் பொடி. விதியை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்வது? அது வெளியூர்க்காரர்களுக்காக எழுதியது.

வெளியூர்க்காரர்கள் செய்யும் அட்டூழியமும் கொஞ்சநஞ்சமல்ல. வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் ஒரு சமையல் நிபுணர் எங்கள் சோற்றில் சிவப்புத் தொத்திறைச்சியை வட்டம் வட்டமாக வெட்டிப் போட்டதை மதுக்கடையில் கூட்டமாக நின்று பார்த்தோம். கொலையைப் பார்ப்பது போலிருந்தது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்த ஒரு ஜெர்மன் குடும்பம் அரிசியைத் தனியாக வேகவைத்து, வடித்து, கறிக்குழம்பின் மேல் கொட்டியது. பத்தீஸ்தே சைக்கிளை நிறுத்திச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். பக்கத்து ஊர் அல்காமரில் கூனைப்பூ என்னும் முள்மொட்டைச் சோற்றில் போடுகிறார்கள். அவர்களை நாங்கள் ஜெர்மானியரைவிடத் தூரத்தில் வைத்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட சபை ஓர் அந்நியனின் சோற்றைத் தொடச் சம்மதித்ததற்குக் காரணம் யாரெக்.

யாரெக் போலந்துக்காரன். நாற்பத்தாறு வயது. அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு சீசனுக்கென்று வந்து, எங்கள் இயந்திரங்கள் இருந்த நிலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இங்கேயே தங்கிவிட்டான். எங்கள் பாஷையில் எங்களைவிட நன்றாகக் கெட்ட வார்த்தை பேசுவான். ஊரில் அவனைப் பிடிக்காதவர் கிடையாது. அவனுக்கு இல்லாதது ஒன்றே ஒன்றுதான். மணல்.

திருவிழாவின் கடைசி நாள் ஊர்த் தெருக்களில் அறுபத்துநான்கு அடுப்புகள் மூட்டுவோம். தார் உருகிவிடக் கூடாது என்று நகராட்சிக்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தள்ளுவண்டி மணல் கொண்டுவந்து அந்தந்த இடத்தில் கொட்டுவார். அதை வட்டமாகப் பரப்பி, மேலே சட்டி தாங்கும் இரும்பு முக்காலி வைத்து, ஆரஞ்சு மர விறகு மூட்டிச் சமைப்போம். மணல் கிடைத்த வீடு ஊர்க்கார வீடு. மற்றவர்கள் எல்லோரும் விருந்தாளிகள்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு யாரெக் எழுத்து மூலமான விண்ணப்பத்தோடு வந்தான். கை கழுவிவிட்டு வந்திருந்தான். அதிலேயே விஷயம் பெரிசு என்று தெரிந்துபோயிற்று.

"பதினாலு வருஷமா எனக்கு நிழல்ல நாற்காலி போடறீங்க தலைவரே. முயல் தொடை எனக்குத்தான் வருது. ஒரு விறகுக் குச்சியைத் தொட விடறதில்ல. எனக்கும் வெயில்ல நின்னு கண்ணெரியணும். இந்த வருஷம் எனக்கு மணல் வேணும்."

எலிசேயு கண்ணாடியைக் கழற்றினார். "நீ எங்க விருந்தாளிப்பா. விருந்தாளியை அடுப்புல நிறுத்தினா ஊருக்கில்ல கேவலம்?"

"பதினாலு வருஷம் எவனாவது விருந்தாளியா இருப்பானா?"

"என் மச்சான் இருந்தான், பதினாறு வருஷம்," என்றான் பத்தீஸ்தே. "அதுவும் என் வீட்லயே."

முன்மாதிரி இல்லாத விஷயம் என்பதால் மூன்று கூட்டம் நடந்தது. முடிவில், யாரெக் சபை முன்னிலையில் சமைத்துக் காட்டட்டும், சபை சுவைத்துத் தீர்ப்புச் சொல்லட்டும் என்று ஏற்பாடு. தேறினால் மணல்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாரெக் தன் பட்டறை முற்றத்தில் சமைத்துப் பழகினான். எங்களை நான்கு நான்கு பேராகக் கூப்பிடுவான். விதிப்புத்தகத்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தான். அந்தப் புத்தகத்தை ஒருவன் உண்மையிலேயே படித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நிஜக் குங்குமப்பூவை இழை இழையாக எண்ணிப் போட்டான். நாங்கள் சாப்பிட்டோம். "அருமை" என்றோம். "பிரமாதம்" என்றோம். கைகுலுக்கிவிட்டு வீட்டுக்குப் போனோம்.

ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் ரொட்டி வாங்கப் போனபோது அவன் அங்கே நின்றிருந்தான். முகத்தில் அப்படியொரு பிரகாசம்.

"தோனிக்கா, அஞ்சு வாரமாச்சு. ஒருத்தர்கூட ஒரு குறை சொல்லல!"

தோனிக்கா ரொட்டியைத் தாளில் சுற்றுவதை நிறுத்தினாள். எங்கள் ஊரிலேயே நீளமான நாக்கு அவளுடையது; அதற்கு அவள் வாடகையும் வாங்குவதில்லை.

"ஒருத்தருமா? உப்பு கம்மின்னு? சோறு குழைஞ்சுதுன்னு?"

"ஒருத்தருமே இல்ல!"

"அப்போ உன் கதை முடிஞ்சுது போ."

"ஏன்?"

"என் புருஷன் முப்பத்திரண்டு வருஷமா சமைக்கிறான். ஒரு ஞாயித்துக்கிழமைகூட நல்லாருக்குன்னு நான் சொன்னதில்ல. சொன்னேன்னு வை, எனக்கு ஏதோ தீராத வியாதின்னு பயந்து டாக்டரைக் கூப்பிட்டுருவான். நம்மாளு சோத்தை நாம திட்டுவோம். விருந்தாளி சோத்தை நல்லாருக்கும்போம். அவ்வளவுதான். இந்தா நிக்கிறாரே செக்ரட்டரி, கேளு. ஏன்யா, ஏதாவது குறை உண்டா இவன் சோத்துல?"

"அருமையா இருந்துது," என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வேறென்ன சொல்வது? வாய் பழகிவிட்டது.

யாரெக் ரொட்டியை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு எங்களை மறுபடி கூப்பிட்டிருந்தான். சட்டியை எட்டிப் பார்த்தேன். சோறு களியாகக் கிடந்தது. உப்பு இல்லை. பச்சைப் பட்டாணி, இறால், டப்பாவிலிருந்து கொட்டிய மக்காச்சோளம். நடுவில் ஒரு முழு எலுமிச்சம்பழம், நட்டு வைத்தது போல. யாரெக் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். எங்கேயாவது ஒரு திட்டு வராதா என்ற ஏக்கம் கண்ணில் தெரிந்தது.

பத்தீஸ்தே ஒரு கரண்டி வாயில் போட்டான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"வித்தியாசமா இருக்கு," என்றான். விழுங்கினான். "அருமை."

"கண்ணுக்குக் குளிர்ச்சி," என்றேன் நான்.

எலிசேயு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "சோளம்... துணிச்சலான முயற்சி. வாழ்த்துகள்."

யாரெக் உள்ளே போய் ஓர் அறுவடை இயந்திரத்தை ஸ்பேனரால் ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டாவது கரண்டியும் சாப்பிட்டோம். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

சோதனை நாள் வந்தது. செப்டம்பர் வெயிலில் ஏழு பேரும் கனத்த அங்கியோடு வரிசையாக உட்கார்ந்து, அரிசி சட்டியில் ஏறுவதற்கு முன்பே வெந்துகொண்டிருந்தோம். சதுக்கம் நிறையக் கூட்டம். நாய்களைக் கட்டியிருந்தார்கள், மௌனம் மட்டும் அவிழ்ந்துகொண்டு ஓடிவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முன்மாதிரி வேண்டும் என்று எலிசேயுவும் பக்கத்திலேயே ஒரு சட்டி ஏற்றியிருந்தார். மணலைக்கூட நகராட்சியிலிருந்து தனக்கு மட்டும் தருவித்திருந்தார். யாரெக்குக்கு நாலு செங்கல்.

யாரெக் ஒழுங்காகச் சமைத்தான். இந்த முறை எலுமிச்சையும் இல்லை, விளையாட்டும் இல்லை. கறியைப் பொறுமையாகச் சிவக்க வறுத்தான். தண்ணீர் கொதி வந்ததும் அரிசியைத் தூவினான். அதன்பிறகு கரண்டியே போடவில்லை. விறகை இழுத்துத் தணலாக்கியபோது சட்டி அடியில் படபடவென்று காந்தல் பிடிக்கும் சத்தம் எனக்கே கேட்டது; எங்கள் சோற்றுக்கு உயிரே அந்த மொறுமொறு அடிக்காந்தல்தான். எலிசேயுவோ அதே நேரத்தில் மேடையேறி, சோற்றின் ஆன்மா பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார். அவர் அடுப்பு அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்தது. அவர் மனைவி இரண்டு முறை ஊதினாள்; மூன்றாவது முறை கையை உதறிவிட்டு மதுக்கடைக்குள் போய்விட்டாள்.

யாரெக்கின் சட்டியைச் சுற்றி ஏழு பேரும் மரக்கரண்டியோடு உட்கார்ந்தோம். அவரவருக்கு எதிரே உள்ள முக்கோணத்தை அவரவர் சாப்பிட்டோம். யாரும் எல்லை தாண்டவில்லை. காந்தலைச் சுரண்டும் சத்தம்தான். தோனிக்கா முன்வரிசையில் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். எதையாவது சொல்லித் தொலையேன்யா என்பது அந்தப் பார்வை. நான் குனிந்துகொண்டேன்.

எலிசேயு எழுந்து உதட்டைத் துடைத்தார். ஒரு சுருளை விரித்தார். அதுவும் நான் அடித்ததுதான். முந்தின நாளே அடித்துக் கொடுத்தாயிற்று.

"மாசற்ற சமையல். குறையொன்றும் காணோம். எனவே இச்சபை, நம் அன்பர் யாரெக் அவர்களுக்கு, சோற்றின் நிரந்தர மதிப்புறு விருந்தாளி என்னும் பட்டத்தை..."

கூட்டம் கைதட்டியது. ஒரு ரிப்பன் வேறு.

யாரெக் பட்டத்தை வாங்கினான். அதைப் படித்தான். நிரந்தர விருந்தாளி. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். பிறகு பத்தீஸ்தேயின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, நேராக எலிசேயுவின் சட்டிக்கு நடந்தான். ஒரு வாய் எடுத்துப் போட்டான். மென்றான். அவன் அதை மெல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"இது என்ன, கஞ்சியா?"

கைதட்டல் நின்றது. கட்டி வைத்திருந்த நாய்களின் குரைப்புகூட நின்றது போலத்தான் இருந்தது.

"பாதியில தீ அணைஞ்சு போச்சு. நீங்க மேடையில ஆன்மா பத்திப் பேசிட்டு இருந்தீங்க. ஒரு பக்கம் புகை நாத்தம், இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணி. காந்தல் எங்க? இதுக்கு அடிப்பக்கமே இல்லையே! அப்புறம் இந்தக் கோழிச்சாறுக் கட்டி. எத்தனை போட்டீங்க? ரெண்டா? மூணா? நாக்கு ஒட்டிக்குது தலைவரே!"

எங்கள் ஊரில் விருந்தாளி யாரும் அடுத்தவர் சோற்றுக்குக் குறை சொன்னது கிடையாது. விருந்தாளிக்கு அந்த உரிமையே கிடையாது. எலிசேயுவின் முகம் தக்காளியிலிருந்து குடைமிளகாய்க்கு மாறியது.

"எவன்டா கட்டி போட்டான்? என் சோத்தையாடா கஞ்சிங்கறே? நீ போட்டியே ஒரு சோறு! உப்பு எங்கடா அதுல? பீன்ஸை வதக்கினியா, குளிப்பாட்டி விட்டியா? மொச்சை பல்லை உடைக்குது! இயந்திரத்துக்கு கிரீஸ் போடற மாதிரி எண்ணெய் ஊத்தியிருக்கே!"

யாரெக் அப்படியே நின்றுவிட்டான். "என்ன சொன்னீங்க?"

"உப்பு இல்லைன்னேன்! காதுலயும் கிரீஸா?"

"மொச்சை?"

"கல்லு!"

ஒருவர் மதகைத் திறந்துவிட்டால் வாய்க்கால் நிற்குமா? பத்தீஸ்தே எழுந்தான். "முயலை இப்படியாடா வெட்டுவான்? அது முயலா, கன்னுக்குட்டியா? என் கடைக்கு வந்து கேட்டிருக்கக் கூடாது?" அவனுக்கு எதிரே இருந்தவன், "தண்ணி ஒரு டம்ளர் அதிகம்," என்றான். இன்னொருவன், "கம்மி" என்றான். அவர்கள் இருவரும் தனியாகச் சண்டை பிடிக்கப் போய்விட்டார்கள். எனக்கும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. இத்தனை வாரத்துக் கடன் பாக்கி. யோசித்துப் பார்த்தேன், குறை ஒன்றும் கிடைக்கவில்லை.

"பார்க்கவே சகிக்கல," என்றேன் பொதுவாக.

"அப்படிச் சொல்லு செக்ரட்டரி!" என்று தோனிக்கா கத்தினாள். "டேய் யாரெக், அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன். உன் தீ இருக்கே தீ, அது பிறந்தநாள் கேக்கு மெழுகுவர்த்திடா!"

யாரெக் செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து எலிசேயு கொஞ்சம் பயந்துபோய்க் கிட்டே போனார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது, புகை என்று சொல்லிச் சமாளித்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க தலைவரே. அந்த உப்பு விஷயம்."

எலிசேயு கழுத்துப் பதக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்கப் பார்த்திருக்க, பச்சை அங்கியோடு, பதக்கத்தோடு, ஒருவன் சோற்றை வாய்க்கு வந்தபடி திட்டியாகிவிட்டது. இனி அவனை விருந்தாளி என்று சொன்னால், விருந்தாளியை அவமதித்தவர் சபைத் தலைவர் என்றாகும். அதைவிட அவனை ஊர்க்காரன் ஆக்கிவிடுவது மலிவு. நன்றாக யோசித்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"சபை மறுபரிசீலனை செய்யுது," என்றார். "இவ்வளவு மோசமான சோத்துக்கு மணல் கொடுக்காம இருக்க முடியாது. பழகினாத்தான் திருந்துவான். செக்ரட்டரி, எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். யாரெக் பட்டத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, அணையப்போன எலிசேயுவின் அடுப்பில் போட்டான். நல்ல தடித்த காகிதம். அந்த அடுப்பு அன்று ஒழுங்காக எரிந்தது அந்த ஒரு நிமிடம்தான்.

மூன்று வாரம் கழித்துத் திருவிழாவின் கடைசி நாள், நகராட்சிக்காரர் அறுபத்தைந்தாவது தள்ளுவண்டி மணலைக் கொண்டுவந்து கொட்டினார். இடம் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில். நல்ல இடமெல்லாம் முன்பே பிடிக்கப்பட்டவை. நிழல் என்று சொல்ல ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. யாரெக் மணலைக் கையாலேயே வட்டமாகப் பரப்பினான். பரப்பியதைக் கலைத்து மறுபடி பரப்பினான். விறகு மூட்டிக் கண்ணெரிய நின்றான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே போனார்கள். "தீ பத்தாது." "சட்டி சாஞ்சிருக்கு." "அரிசியை இப்பவே போட்டுட்டியா? அடப்பாவி!" ஒவ்வொன்றுக்கும் அவன் சுடச்சுட ஒரு பதில் வைத்திருந்தான். எலிசேயு வந்து சட்டியைப் பார்த்து, தேறாது என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்ததிலேயே பெரிய விருது அதுதான் என்று யாரெக் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

மூன்று மணிக்குச் சோறு இறங்கியது. அவரவர் வீட்டுச் சட்டியைச் சுற்றி அவரவர் உட்கார்ந்தோம்; கூப்பிட்டு உட்கார வைப்பது விருந்தாளியைத்தான். எட்டுப் பேருக்கு ஆக்கியிருந்த யாரெக், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், தன் மணலில், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு எங்கள் ஊரில் அவனை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.